பில் கொடுப்பதால் மட்டும் நீங்கள் முதலாளி ஆகிவிட மாட்டீர்கள்

கேள்வி: ஐயா, நான் ஐடிஐ முடித்த எலெக்ட்ரீஷியன். 2014 ஜூனில், தமிழ்நாட்டில் உள்ள ஒரு தனியார் எந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் காண்ட்ராக்டர் மூலம் சேர்ந்தேன். ஐந்து வருடத்தில் மூன்று காண்ட்ராக்டர்கள் மாறினார்கள். நான் அதே மெயின்டனன்ஸ் பிரிவில்தான் இருந்தேன். 2019இல் மெயின்டனன்ஸ் மேனேஜர் கூப்பிட்டு, “இனி உன் பெயரிலேயே சப்-காண்ட்ராக்ட் எடுத்துக்கோ, மாசாமாசம் பில் கொடு” என்றார். அத்தோடு பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் நின்றுவிட்டன. இப்போது மாதம் 62,000 ரூபாய்க்குப் பில் போடுகிறேன். அதில் இரண்டு உதவியாளர்களுக்கு 32,000 போக, எனக்கு 30,000 நிற்கும். நான் வராத நாளுக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். போன வாரம் புதிய ஒப்பந்தம் ஒன்றைக் காட்டினார்கள். ‘நிறுவனத்துக்கும் எனக்கும் எக்காலத்திலும் முதலாளி-தொழிலாளி உறவு இருந்ததில்லை, எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை’ என்று அதில் ஒரு பத்தி இருக்கிறது. கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த மாதம் கேட் பாஸ் கிடையாதாம். நான் தொழிலாளியா, காண்ட்ராக்டரா? பெர்மனென்ட் கேட்க முடியுமா?

பதில்:

கடிதத்தோடு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தீர்கள். ஒன்று, 2019 ஒப்பந்தத்தின் முதல் பக்கம். அதில் உங்களை ‘சுயேச்சையான ஒப்பந்ததாரர்’ என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிறு இரவு 9.40க்கு மேனேஜர் போட்ட செய்தி: “நாளைக்கு நீங்க பி ஷிஃப்ட். லீவு கேக்காதீங்க.” வீட்டுக்கு ஒயரிங் செய்ய வரும் ஒப்பந்ததாரரிடம் யாராவது லீவு கிடையாது என்று சொல்வார்களா? வழக்கு என்று வந்தால் நான் முதலில் குறியிடும் ஆவணம் அந்த இரண்டாவது படம்தான்.

ஒருவர் தொழிலாளியா, தனி ஒப்பந்ததாரரா என்ற தகராறு நம் நாட்டில் புதிதில்லை. 1950களிலேயே தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்துவிட்டது. சௌராஷ்டிராவில் உப்பளத்தில் வேலை செய்த அகரியாக்களின் வழக்கு அது. ஆளுக்கொரு பாத்தி, விளைந்த உப்பின் எடைக்குக் கூலி. துணைக்கு ஆள் வைத்துக்கொண்டால் அந்தக் கூலியையும் அகரியாவே கொடுக்க வேண்டும். ‘இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, தனித்தனி ஒப்பந்ததாரர்கள்’ என்றது கம்பெனி. நீதிமன்றம் ஏற்கவில்லை. தானே இறங்கி வேலை செய்வதாக ஒப்புக்கொண்டு, அப்படியே செய்கிற ஒருவர், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டதாலேயே தொழிலாளி என்ற தகுதியை இழந்துவிட மாட்டார் என்றது. உங்கள் இரண்டு உதவியாளர்களை வைத்து நிர்வாகம் வாதிடும்போது நம் பக்கம் எடுத்துப் போட வேண்டிய தீர்ப்பு இது.

1973இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு. உருப்படிக் கணக்கில் கூலி வாங்கிய தையல்காரர்கள். நினைத்த நேரத்துக்கு வரலாம், சிலர் துணியை வீட்டுக்கே கொண்டுபோய்த் தைத்தார்கள். ஆனால் கடையில் இருந்த எந்திரங்கள் கடைக்காரருடையவை. தையல் சரியில்லை என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. அது போதும், இவர்கள் கடையின் ஊழியர்கள்தான் என்று தீர்ப்பானது. நீங்கள் மாதச் சம்பளம் வாங்காமல் பில் கொடுத்துப் பணம் வாங்குவது அந்த அளவில் பெரிய தடை இல்லை.

1978இல் வந்த ஹுசைன்பாய் வழக்கைத் தொழிலாளர் வழக்கறிஞர்கள் யாரும் மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. கோழிக்கோட்டில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலை. ஆட்களைக் கொண்டுவந்தவர்கள் ஒப்பந்ததாரர்கள். மூலப்பொருள், இடம், கருவி, முடிந்த கயிறு எல்லாம் முதலாளியுடையவை. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், நடுவில் ஒப்பந்ததாரர் நிற்பதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது, திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றார். ஒருவரின் உழைப்பு யாருடைய தொழிலுக்குப் போகிறதோ, அவரது பிழைப்பும் வேலையும் யார் கையில் இருக்கிறதோ, அவரே முதலாளி.

இதையெல்லாம் படித்துவிட்டு வழக்கு வென்றாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அப்புறம் காற்று வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலே ஆட்கள் தானாக, காண்ட்ராக்டர் மூலம் வேலை வாங்கும் முதன்மை நிறுவனத்தின் ஊழியர்களாகிவிடுவார்கள் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றமே, 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வில் அதை மாற்றிவிட்டது. தானாக எதுவும் நடக்காது. ஒப்பந்தம் வெறும் மறைப்பு என்று தொழிலாளர் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் மட்டும் ஆரம்பத்திலிருந்தே நிறுவனத்தின் ஊழியர் ஆவீர்கள். 2014இல் பல்வந்த் ராய் சலூஜா வழக்கில் கேள்விகளை வரிசையாகவே அடுக்கினார்கள். யார் வேலைக்கு எடுத்தது? சம்பளம் தருவது யார்? நீக்கும் அதிகாரம் யாருக்கு? ஒழுங்கு நடவடிக்கை யார் எடுப்பது? வேலை தொடர்ச்சியாக நடக்கிறதா? கட்டுப்பாடும் மேற்பார்வையும் எவ்வளவு? அந்த வழக்கில் கேன்டீன் தொழிலாளர்கள் தோற்றார்கள். மேலோட்டமான மேற்பார்வை போதாது என்று நீதிமன்றம் சொன்னது.

ஆகவே ‘பதினோரு வருடம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வராதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வருடக் கணக்கைத்தான் முதலில் சொல்கிறார்கள். இருபது வருடம் உண்மையான ஒப்பந்ததாரராக இருந்தவர் இருபத்தோராவது வருடத்திலும் ஒப்பந்ததாரர்தான். தீர்ப்பாயத்தில் நான் காட்ட வேண்டியது, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை உங்களுக்கு எப்படிப் போகிறது என்பதை. காலையில் யார் சொல்லி எந்த எந்திரத்துக்குப் போகிறீர்கள், மல்டிமீட்டர் யாருடையது, ஃபியூஸ் போனால் யாருடைய ஸ்டோரில் சீட்டுப் போட்டு வாங்குகிறீர்கள், வேலை முடிந்ததும் யார் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார், சாயங்காலம் வேறு இடத்தில் வேலை எடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா.

இதற்கான ஆதாரம் உங்கள் ஆலையிலேயே கிடக்கிறது. மின்வேலைக்கு ஒர்க் பெர்மிட் எழுதுவார்கள், இல்லையா? எந்த பேனல், எத்தனை மணிக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது, வேலை செய்பவர் யார், அனுமதித்த இன்ஜினியர் யார் என்று அதில் இருக்கும். பிரேக்டவுன் ரிஜிஸ்டரிலும் உங்கள் பெயர் இருக்கும். பாதுகாப்புப் பயிற்சி வருகைப் பதிவு, பயோமெட்ரிக் பதிவு, கேட் பாஸ் எல்லாம் இதே ரகம்தான். மூலத்தை எடுத்து வராதீர்கள். திருட்டு என்று புகார் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் நாம் அந்த வழக்கை நடத்திக்கொண்டிருப்போம். உங்களுக்குக் கொடுத்த பிரதிகள் போதும். தீர்ப்பாயம் கேட்டால் நிர்வாகம் பதிவேடுகளைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். ரிஜிஸ்டரின் பெயர், தேதி, பக்கம் தெரிந்தால் அதைக் கேட்டு வாங்குவது சுலபம். அதனால் ஒரு டைரியில் இப்போதே குறித்து வையுங்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63ஆம் பிரிவில் வருகிறது. மூலச் செய்தி அந்த போனிலேயே இருந்தால் வேலை எளிது.

வருமான வரிக் கணக்கில், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். சம்பளமாகக் காட்டியிருந்தால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆம் பிரிவு, ஒப்பந்ததாரராகக் காட்டியிருந்தால் 194சி என்று இருக்கும். உங்களுக்கு 194சி-யாகத்தான் இருக்கும், 1 சதவீதம் பிடித்திருப்பார்கள். உங்கள் ஆடிட்டரும் அதைத் தொழில் வருமானம் என்றே கணக்குக் காட்டியிருப்பார். குறுக்கு விசாரணையில் நிர்வாகத்தின் வக்கீல் எடுக்கும் முதல் தாள் அதுதான். நமக்குப் பாதகமான தாள், ஆனால் வழக்கை முடித்துவிடும் தாள் இல்லை. எடுத்த விடுப்புக்கு நாள் கணக்கில் பிடித்த பில்கள் இருந்தால் அவற்றையும் பக்கத்தில் வைப்போம். வேலையை மொத்தமாக ஒப்புக்கொண்ட காண்ட்ராக்டருக்கு யாரும் ஒருநாள் சம்பளம் பிடிப்பதில்லை.

இனி சட்டத்தில் மாறியிருக்கும் சில விஷயங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு இருக்கிறது. பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. புதியதில் அது 50. நிறுவனத்தின் ‘மையப் பணி’யில், அதாவது எந்த வேலைக்காக நிறுவனம் தொடங்கப்பட்டதோ அந்த வேலையில், ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று அதன் 57ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மையப் பணி அல்லாதவை என்று ஒரு பட்டியலும் உண்டு. துப்புரவு, காவல், கேன்டீன், ஏற்றி இறக்குதல், தோட்டம் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘கட்டடம் முதலிய கட்டுமான வேலைகள், பராமரிப்பு உட்பட’ என்றும் வருகிறது. நிர்வாகம் ‘பராமரிப்பு’ என்ற அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் சிஎன்சி எந்திரத்தின் டிரைவைச் சரிபார்ப்பதும் ஒரே பராமரிப்பு இல்லை, எந்திரம் ஓடாவிட்டால் உற்பத்தியே இல்லை என்பது நம் வாதம். வலுவான வாதம் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ‘மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைத்திருக்கிறார்கள், தடை செய்யுங்கள்’ என்று அரசிடம் மனுக் கொடுத்தால், நடுவில் ஓர் உண்மையான ஒப்பந்தம் இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘ஒப்பந்தமே போலி’ என்று தீர்ப்பாயத்தில் சொல்வது அதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒன்றாகச் சொல்லித் தோற்றவர்கள் உண்டு. ஒன்றுக்கொன்று முரணான வாதங்களை எடுக்க முடியாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாராவது டைப் செய்து கொடுத்த மனுவில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வழக்குக்கு இரண்டாவது வழிதான் சரி.

தமிழ்நாட்டில் நமக்கென்று இன்னொரு சட்டம் உண்டு. 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகளிடம் மனுச் செய்யலாம். உங்கள் பயோமெட்ரிக் பதிவில் 480 நாள் தாராளமாகத் தேறும். ஆனால் நிர்வாகம் ‘அவர் எங்கள் தொழிலாளியே இல்லை’ என்று சொன்னதும், அதை முதலில் தீர்ப்பாயத்தில் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அதிகாரி கையை விரிக்க வாய்ப்பு அதிகம். அதனால் இதைத் துணை ஆயுதமாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

பெர்மனென்ட் கேட்கும் தகராறில் இன்னொரு சிக்கல், அதை நீங்கள் தனியாளாக எழுப்ப முடியாது. தொழிற்சங்கமோ, கணிசமான தொழிலாளர்களோ சேர்ந்து எழுப்ப வேண்டும். வேலையை விட்டு நீக்கினால் மட்டும்தான் தனி ஆளாகப் போகலாம். எனவே உங்களை நான் கேட்கும் முதல் கேள்வி: அந்த ஆலையில் இப்படிப் பில் போடுகிறவர்கள் இன்னும் எத்தனை பேர்? பத்துப் பேர் சேர்ந்தால் கதையே வேறு. உள்ளே இருக்கும் சங்கம் ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால், சேர்த்துக்கொள்ளும் சங்கத்தைத் தேடுங்கள். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன் பேச்சு நடந்துகொண்டிருக்கும் காலத்தில், அந்தத் தகராறு தொடர்பான பணி நிலைமையை உங்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்ற பாதுகாப்பும் உண்டு. அது பழைய தொழில் தகராறு சட்டத்தில் 33ஆம் பிரிவு. அதன் இடத்தில் வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் தொடர்கிறது. நீக்கிய பிறகு ஓடுவதைவிட முன்பே தகராறை எழுப்பிவிடுவது ஏன் நல்லது என்று இப்போது புரிந்திருக்கும்.

நீக்கியே விட்டார்கள் என்றால், சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாள் கழித்துத் தீர்ப்பாயத்துக்கு நேரடியாகப் போகலாம். பழைய சட்டத்தில் அதற்கு மூன்று வருடம் அவகாசம் இருந்தது. இப்போது நீக்கிய நாளிலிருந்து இரண்டே வருடம். ‘பேசிப் பார்ப்போம், தீபாவளிக்குப் பிறகு கூப்பிடுகிறேன் என்றார்’ என்று சொல்லிக்கொண்டே அந்த இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிஎஃப் விஷயம் இதைவிடச் சுலபம். பிஎஃப் சட்டத்தில் ஊழியர் என்பதற்கான வரையறையே ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்பவரையும் சேர்த்துத்தான் இருந்தது. பெர்மனென்டா இல்லையா என்ற கேள்வியே அங்கே வராது. நீங்கள் 2019 வரை உறுப்பினர். சம்பளம் 15,000 ரூபாய் உச்சவரம்பைத் தாண்டினாலும், ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் வெளியேறிவிடுவதில்லை. உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணைப் போட்டு பாஸ்புக்கை இறக்கி, எந்த மாதம் பணம் நின்றது என்று பாருங்கள். கடைசி காண்ட்ராக்டரின் கடைசி மாதத்துக்கு மறு மாதமே நீங்கள் ‘ஒப்பந்ததாரர்’ ஆகியிருப்பீர்கள். அதே கேட், அதே பேனல், ஒரு நாள் இடைவெளிகூட இல்லை. அந்த பாஸ்புக்கையும் பயோமெட்ரிக் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். பிஎஃப் அலுவலகத்தில் இப்போதே புகார் கொடுக்கலாம்.

பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) மறக்காதீர்கள். 2014லிருந்தே நிறுவனத்தின் ஊழியர் என்று தீர்ப்பானால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில், 30,000 ரூபாய்க்கும் 11 வருடத்துக்கும் சுமார் 1,90,000 ரூபாய் வரும். காண்ட்ராக்டர்களை அடிக்கடி மாற்றுவதன் சூட்சுமத்தில் இதுவும் ஒன்று. எவரிடமும் ஐந்து வருடம் முடியாமல் பார்த்துக்கொண்டால் எவரும் பணிக்கொடை கொடுக்க வேண்டாம்.

அரசுத் துறைகளில் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. முறைப்படி தேர்வாகாத தற்காலிக ஆட்களை வருடக் கணக்கை மட்டும் வைத்து நிரந்தரமாக்க முடியாது என்ற 2006இன் உமாதேவி தீர்ப்பு அங்கே குறுக்கே நிற்கும். ஆனால் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல வருடம் துப்புரவு, தோட்ட வேலை செய்தவர்களை நிரந்தரமாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உமாதேவியைக் கேடயமாக வைத்துத் தற்காலிக ஆட்களைச் சுரண்டக் கூடாது என்பதுதான் அதன் தொனி. இந்த இரண்டும் உங்களைத் தொடுவதில்லை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, உங்கள் இரண்டு உதவியாளர்கள். அவர்களைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் காண்ட்ராக்டர் என்றால் அவர்களுக்கு முதலாளி நீங்கள்தான். குறைந்தபட்சக் கூலியில் குறைவு இருந்தால் அதற்கு உங்களைத்தான் முதலில் கேட்பார்கள். நீங்கள் தொழிலாளி என்றால், உங்களோடு அதே ஷிஃப்டில் அதே இன்ஜினியர் சொல்லி வேலை செய்யும் அவர்களும் தொழிலாளிகளே. நாளைக்கு நிர்வாகம் அந்த இருவரையும் தனியாகக் கூப்பிட்டு, “உனக்குச் சம்பளம் கொடுத்தது யார்?” என்று எழுதி வாங்கும். கொடுத்தது நீங்கள்தானே, பொய் சொல்ல மாட்டார்கள். அதற்கு முன் நீங்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்களைக் கொண்டுவரச் சொன்னது யார், அவர்களுடைய ஆதார் நகலை வாங்கிக் கேட் பாஸ் போட்டது யார், ஒருவன் வராவிட்டால் மேனேஜர் யாருக்குப் போன் செய்தார் என்று கேளுங்கள். அவர்கள் பெயரையும் சேர்த்தே தகராறை எழுப்புவோம். உங்களுக்கு மட்டும் பிஎஃப் கேட்டுவிட்டு அவர்களை விட்டுவிட்டால் எதிர்த்தரப்புக்குச் சிரிப்புத்தான் வரும், எனக்கும் வாதாட வாய் வராது.

கடைசியாக அந்தத் தாள். நீதிமன்றத்துக்கே போகக் கூடாது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அந்த நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் ‘உறவே இருந்ததில்லை, பாக்கியே இல்லை’ என்று எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். அது உங்கள் வாக்குமூலம். மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு சொல்லலாம்தான், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

கேட்டால் முகத்துக்கு நேரே மறுக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். “ஒரு காப்பி கொடுங்க சார், வீட்ல படிச்சுட்டு வர்றேன்” என்று சொல்லுங்கள். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அன்று இரவே நிறுவனத்தின் ஈமெயிலுக்கு நான்கு வரி எழுதுங்கள், மறுநாள் அதையே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள்: ‘2014 ஜூன் முதல் உங்கள் மெயின்டனன்ஸ் பிரிவில் தொடர்ந்து வேலை செய்து வருகிறேன். வழக்கம்போல் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். நீங்கள் காட்டிய ஒப்பந்தத்தில் உறவையும் பாக்கியையும் பற்றிய பத்தி உண்மைக்கு மாறானது, அதை ஏற்க இயலாது.’ இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். ஒன்றாம் தேதி வழக்கமான நேரத்துக்குக் கேட்டுக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் அங்கேயே நின்று, “இன்று காலை இத்தனை மணிக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை” என்று மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, அதன் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்புங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் இரண்டு வருடக் கணக்கு ஓட ஆரம்பிக்கும்.